சமையல்சார் துப்பறியும் புதினங்கள்

சமையல்சார் துப்பறியும் புதினங்கள் என்பவை உணவகம், அடுமனை, வீட்டுச் சமையலறை போன்ற இடங்களைக் களமாகவும், சமையல் அறிந்த ஒருவரைத் துப்பறிபவராகவும் கொண்ட குற்றப் புனைகதைகள் ஆகும். ஆங்கிலத்தில் ‘கோசி’ எனப்படும் இதமான மர்மக் கதைகளின் ஒரு பிரிவு இது. இவ்வகைக் கதைகளில் கொலை நடக்கும். ஆனால் கொடூரக் காட்சிகள் விரிவாக இடம்பெறா. துப்பறிபவர் காவல்துறையைச் சேராத சாதாரண மனிதராக இருப்பார். பல நூல்களில் கதையோடு சமையல் குறிப்புகளும் அச்சிடப்பட்டிருக்கும்.

தோற்றமும் வளர்ச்சியும்

உணவில் நஞ்சு என்பது துப்பறியும் கதைகளின் பழைய கரு. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி, நஞ்சுகளைப் பற்றிக் கற்றவர். 1953இல் வெளிவந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ புதினத்தில் காலை உணவோடு நஞ்சு கலக்கப்படுகிறது. ஆனால் அங்கே துப்பறியும் மிஸ் மார்ப்பிள் சமையல்காரர் அல்லர்.

சமையல் அறிந்தவரே துப்பறியும் கதைகள் அமெரிக்காவில் தனி வகையாக வளர்ந்தன. விர்ஜீனியா ரிச் எழுதிய ‘தி குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ்’ 1982இல் வெளிவந்தது. 1990இல் டயான் மாட் டேவிட்சனின் ‘கேட்டரிங் டு நோபடி’யும், 2000இல் ஜோன் ஃப்ளூக்கின் ‘சாக்லேட் சிப் குக்கி மர்டர்’ நூலும் வந்தன. பின்னிரண்டும் நீண்ட தொடர்களின் முதல் நூல்கள்.

வாசகரை ஈர்ப்பது எது?

இக்கதைகள் ‘பொழுதுபோக்கு’ என்று எளிதாக ஒதுக்கப்படுவதுண்டு. இவற்றின் ஈர்ப்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நம்பிக்கை. பிறர் சமைத்ததை உண்பது என்பதே அவர்மேல் வைக்கும் நம்பிக்கை. நண்பர் நஞ்சு இடுவதைக் கண்டபின்னும் அதை உண்டு அமைவர், பலரும் விரும்பும் கண்ணோட்டம் உடையவர் என்று திருக்குறளின் 580ஆம் குறள் கூறுகிறது. சாப்பாட்டில் ஐயம் தோன்றினால் ஒரு குடும்பமோ ஊரோ எவ்வளவு கலங்கும் என்பதை இக்கதைகள் காட்டுகின்றன.

இரண்டாவது, சமைத்தவரின் நற்பெயர். ‘கேட்டரிங் டு நோபடி’யில் கோல்டி சமைத்து வழங்கிய விருந்தில் ஒருவர் உணவில் நஞ்சு கலந்து தாக்கப்படுகிறார், உண்மை தெரியும்வரை அவருடைய தொழில் முடக்கப்படுகிறது. எனவே அவர் துப்பறிவது வேடிக்கைக்காக அன்று, பிழைப்புக்காக.

மூன்றாவது, சமையலறை அறிவுக்குக் கிடைக்கும் மதிப்பு. எந்தப் பொருள் எவ்வளவு நேரத்தில் கெடும், எந்த வாசனை எதனுடையது என்பவை நாள்தோறும் சமைப்பவருக்குத் தெரியும். அதை யாரும் கல்வியாக எண்ணுவதில்லை. இக்கதைகளில் அந்த அறிவே வழக்கைத் தீர்க்கிறது.

சிங்கப்பூர், இந்தியச் சூழலில்

சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் ‘ஆன்ட்டி லீ’ தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013இல் தொடங்கிய இத்தொடரின் நாயகி, பெரனாக்கான் உணவகம் நடத்தும் கைம்பெண். 2014இல் வந்த ‘ஆன்ட்டி லீஸ் டெட்லி ஸ்பெஷல்ஸ்’ நூலில், அவர் உணவு வழங்கிய விருந்தில் இருவர் இறக்கின்றனர். பழி, அவர் சமைத்த புவா கெலுவாக் கோழிக் குழம்பின்மேல் விழுகிறது. புவா கெலுவாக் என்னும் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டு. வேகவைத்தல், சாம்பலில் புதைத்து வைத்தல், ஊறவைத்தல் ஆகிய முறைகளால் நஞ்சை நீக்கிய பிறகே அதைச் சமைப்பர். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்று தமிழ் வீடுகளில் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இந்தியாவைக் களமாகக் கொண்டது, டார்கின் ஹாலின் ‘தி கேஸ் ஆஃப் தி டெட்லி பட்டர் சிக்கன்’ (2012). தில்லித் துப்பறிவாளர் விஷ் பூரி சாப்பாட்டுப் பிரியர்.

தமிழில்

தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர். ஆயினும் தேநீர் அவருக்குப் பழக்கமே தவிர, தடயம் அன்று. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் புலனாய்வு அதிகாரி. மறுபுறம், எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951 முதல் வீடுகளில் புழங்குகிறது. துப்பறியும் நாவலும் சமையல் நூலும் தமிழ் வாசகருக்கு நன்கு பழகியவை. இரண்டையும் இணைத்து எழுத இங்கே களமும் குறைவில்லை.

பாஞ்சாலங்குறிச்சி அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூன் ஈரக் காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும். டப்பா நெடுநேரம் திறந்து கிடந்ததா என்பதை அதைத் தொட்டே சொல்லிவிடலாம்.

பதநீரும் அப்படியே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகும். தமிழ்நாட்டில் பதநீர் விற்கலாம். கள் விற்கத் தடை உண்டு. “பதநீர்தான் கொடுத்தேன்” என்று ஒரு பனையேறி சொல்ல, ஊர் நம்ப மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலயத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவது, ஆண்டுதோறும் கருப்பட்டி காய்ச்சிய ஒரு பாட்டிக்கே. அந்தப் பார்வை ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கக்கூடும்.