பி.பி.யோடு இரண்டு கேள்வி

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் ஆலை லைனில் நிற்பவர்களுக்கு உடம்பு முடியவில்லை என்றால், பெரும்பாலும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிதான். சீட்டு, பி.பி., பிறகு "என்ன பண்ணுது?". "ஒரே அசதி சார், தூக்கமே வரல, நெஞ்சு படபடங்குது." வலி மாத்திரை, சத்து மாத்திரை, அடுத்த ஆள். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வரிசையில் நிற்பதில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை.

டாக்டர் தாமாகக் கேட்டால்? அதற்கென்றே இரண்டு கேள்விகள் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருந்ததா? மொத்தம் ஆறு மதிப்பெண். மூன்றைத் தொட்டால் ஒன்பது கேள்விகள் கொண்ட முழுப் பட்டியலுக்குப் போகவேண்டும்.

அந்த ஒன்பதில்தான் நம் ஊருக்குச் சிக்கல். தூக்கம் கெடுகிறதா, அசதியா, பசி மாறியதா என்று மூன்று கேள்விகள் வருகின்றன. நைட் ஷிப்ட் முடித்து, காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நாலைந்து பேர் தங்கும் அறையில் வெயில் நேரத்தில் கண்ணை மூடப் பார்ப்பவர் மூன்றுக்கும் ஆமாம் என்பார். அது நோயா, ஷிப்ட்டா? பிரித்துப் பார்க்க ஐந்து நிமிடமாவது பேசவேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரிடம் அவர் மொழியில் பேசவேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதற்கு ஆமாம் என்றவரை அன்றைக்கே கவனிக்க ஆள் வேண்டும்.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2002-இல் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைத்தபோது, தொடர்சிகிச்சைக்கு ஏற்பாடு உள்ள இடங்களில் மட்டும் என்றது. கனடா 2013-இல் எல்லோரிடமும் கேட்கவேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அந்தத் தொடர்சிகிச்சை தர நம்மிடம் டாக்டர்களுக்குப் பஞ்சம் என்பது உண்மை. ஆனால் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆலோசகர்களாக உட்காரவைத்தது. 2010-இல் வெளியான முடிவின்படி, அரசு சுகாதார நிலையங்களில் அது நன்றாகவே பலன் தந்தது.

அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆலைக்குள்ளேயே வந்து பி.பி., சுகர் பார்க்கிறதே, கூடவே இதையும் கேட்கலாமே என்று தோன்றும். எனக்கு உடன்பாடில்லை. சுகர் இருக்கிறது என்று லைன் லீடருக்குத் தெரிந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இது தெரிந்தால், கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது பெயர் விடுபடுமோ என்ற பயம் வரும். பயந்தவர் எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்பார். சோதனையில் எல்லோரும் தேறிவிடுவார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியக் காப்பை உரிமையாகத் தந்திருக்கிறது. ஆலை மருத்துவ அறையில் அதை யார் நம்புவார்? கேட்கவேண்டிய இடம் ஆலைக்கு வெளியே, டிஸ்பென்சரியில். பேச ஆள் வேண்டுவோர் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் கடும் மனச்சோர்வு வகை ஒன்றும் உண்டு. அதற்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரைகூடப் பணம் கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டுக்குள் வேலையில் இருந்திருக்க வேண்டும். நோயின் பெயரை டாக்டர் சீட்டில் எழுதியிருக்கவும் வேண்டும். ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறி, இடையில் விடுபட்டுப்போகிறவருக்கு முதல் நிபந்தனையே எட்டாது. இரண்டாவதற்கு, டாக்டர் முதலில் கேட்டிருக்க வேண்டும்.