இரண்டு பவுனில் ஒரு மகுடம்

ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் 1918-ல் அரியணையை இழந்தது. அவர்கள் உரிமை கொண்டாடிய மகுடங்களோ இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஐந்தை ஆஸ்திரிய நாணயச்சாலை தங்கத்தில் பொறித்து, 2008 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு நாணயமாக வெளியிட்டது.

முகமதிப்பு 100 யூரோ. குறுக்களவு 30 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒவ்வொன்றிலும் இருக்கும் சுத்தத் தங்கம் 16 கிராம், அதாவது சரியாக இரண்டு பவுன். தரம் 986, நம் நகைக்கடைகளில் கிடைக்கும் 916-ஐவிட உயர்ந்தது.

வரிசையில் முதலாவது, புனித ரோமானியப் பேரரசின் மகுடம். 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது வட்டமாக இருக்காது. எட்டுத் தங்கத் தகடுகளை இணைத்து எண்கோணமாகச் செய்திருக்கிறார்கள். தகட்டில் துளையிட்டு அதில் கற்களைப் பதித்திருப்பதால், பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவிக் கற்கள் ஒளிரும். நான்கு தகடுகளில் வண்ண எனாமல் ஓவியங்கள். அவற்றில் தாவீதும் சாலமோனும் இருக்கிறார்கள். இவ்வளவையும் வண்ணமே இல்லாமல், வெறும் மேடு பள்ளங்களாலேயே ஒரு சிறு வட்டத்துக்குள் கொண்டுவருவது அசாத்தியத் திறமை.

2009-ல் வந்தது ஆஸ்திரிய ஆட்சியாளர்கள் தாங்கிய 'ஆர்ச்டியூக்' பட்டத்துக்குரிய மகுடம். அடுத்தது ஹங்கேரியின் புனித ஸ்டீபன் மகுடம். உச்சியில் சாய்ந்து நிற்கும் சிலுவையே அதன் அடையாளம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கர்களின் கைக்குப் போய், ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்தில் கிடந்த அந்த மகுடம் 1978-ல்தான் நாடு திரும்பியது. நான்காவதான, இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹிமியாவின் மகுடத்தை மன்னர் நான்காம் சார்லஸ் 1346-ல் செய்வித்தார். பிராக் தேவாலயத்தில் அது இருக்கும் அறைக்கு ஏழு பூட்டுகள். சாவிகள் ஏழு பேரிடம் இருக்கின்றன.

கடைசி நாணயத்தில் இருப்பது 1602-ல் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காகச் செய்த மகுடம். 1804-ல் ஆஸ்திரியப் பேரரசு உருவானபோது அதுவே பேரரசின் மகுடமானது. ஆனால் அதைச் சூடி முடிசூட்டு விழா நடத்திக்கொண்ட ஆஸ்திரியப் பேரரசர் ஒருவர்கூட இல்லை!

ஒவ்வொரு நாணயத்தின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு 30,000 என்பதால் சேகரிப்பாளர்களிடையே இவற்றுக்கு மதிப்பு உண்டு. 100 யூரோவாகச் செலவழிக்கச் சட்டப்படி ஆஸ்திரியாவில் மட்டுமே முடியும். உள்ளிருக்கும் தங்கமே அதைவிடப் பல மடங்கு பெறும் என்பதால் அப்படி யாரும் செய்வதில்லை. வாங்க நினைப்பவர்கள் அன்றைய விலையில் இரண்டு பவுன் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பேரம் பேசுங்கள்.