இடது பக்கம் போக வலது பக்கம் திருப்பு!

ஒரு சின்னக் கேள்வி. பைக்கில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நாற்பது கிலோமீட்டர் வேகம். ரோடு இடது பக்கம் வளைகிறது. ஹேண்டில் பாரை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

'இதென்னய்யா கேள்வி, இடது பக்கம்தான்' என்கிறீர்களா? பத்து வருஷமாக ஆபீஸுக்கு பைக்கில் போய் வருகிற நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் தப்பு. முதலில் வலது பக்கம்தான் திருப்புகிறீர்கள். தினமும் திருப்புகிறீர்கள். உங்களுக்கே தெரியாமல்!

கோபித்துக்கொண்டு ஜோக் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இந்த விஷயம் தெரியாமல் நானும் என் நண்பனும் கூக்கால் போகிற வழியில் இரண்டடி வித்தியாசத்தில் பிழைத்தோம்.

கொடைக்கானல் போகிறவர்கள் படகு, தூண் பாறை, ஹோம் மேட் சாக்லேட் என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து பூம்பாறையைத் தாண்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால் கூக்கால். ஓர் ஏரி, சோலைக்காடு, படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். (2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அது இந்த மலைச் சரக்குதான்.) ரோடு நூறு மீட்டர் நேராகப் போனால் அதிர்ஷ்டம். பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. காட்டுமாடு எப்போது ஏறும் என்றும் சொல்ல முடியாது.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டி என்னுடையது. பின் ஸீட்டில் ஆபீஸ் நண்பன். பூம்பாறை தாண்டி, இறக்கத்தில் ஒரு வலது வளைவு. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். நான் வந்த வேகம் கொஞ்சம் அதிகம். (நண்பன் கணக்கில் 'ரொம்ப'.) வண்டி ரோட்டோடு வளையாமல் இடது விளிம்பை நோக்கி அகன்றது. என் கண் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய், பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலது பக்கமாக, ஹேண்டிலை வெடுக்கென்று இழுத்தேன்.

வண்டி என்ன செய்தது தெரியுமா? சாய்ந்து வந்துகொண்டிருந்தது அப்படியே நிமிர்ந்து, நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது!

ஓரத்தில் வெள்ளையடித்து நட்டிருந்த ஒரு கல் காப்பாற்றியது. முன்சக்கரம் அதில் மோதி, இரண்டு பேரும் ரோட்டுப் பக்கமாக விழுந்தோம். எனக்கு முழங்கை, அவனுக்கு முழங்கால், வண்டிக்கு இன்டிகேட்டர். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்ததால் இந்தக் கட்டுரை.

பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை, நடுவில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரு பெரியவர். வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"மதுரைண்ணே."

"வளைவுல ஹேண்டில வெடுக்குனு இழுத்தீகளாக்கும்?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? இங்கன விழுகுற ஆளுக பூராம் அதத்தான் செய்றாக. வலது பக்கம் போகணும்னா வலது கைய முன்னால தள்ளணும் தம்பி. இழுக்கக் கூடாது."

"வலது கையத் தள்ளினா வண்டி இடது பக்கம்ல போகும்?"

"தள்ளித்தான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று மூட்டையோடு அதே வளைவை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி எடுத்துப் போய்விட்டார்.

பெரியவர் சொன்னதற்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கிற பெயர் 'கவுன்ட்டர் ஸ்டியரிங்'. எதிர்ப்பக்கம் திருப்புவது. ஊருக்கு வந்து, முழங்கையில் கட்டோடு உட்கார்ந்து படித்ததில் புரிந்தது இது.

சின்ன வயதில் விளக்குமாறைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். (அம்மாவிடம் அதே விளக்குமாறால் வாங்கியும் இருப்பீர்கள்.) அது இடது பக்கம் சாய வேண்டும் என்றால் கையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? வலது பக்கம். அடி வலப்புறம் போனால் தலை இடப்புறம் சாயும். பைக்கும் அப்படித்தான். டயர் ரோட்டைத் தொடும் இடம் உள்ளங்கை. வண்டியும் நீங்களும் விளக்குமாறு. மன்னிக்கவும், உதாரணத்துக்குத்தான்!

இடது பக்கம் போக வேண்டும். இடது கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளுகிறீர்கள். முன்சக்கரம் ஒரு கண நேரம் வலது பக்கம் திரும்புகிறது. டயர்கள் கொஞ்சம் வலப்புறம் நகர்கின்றன. மேலே இருக்கிற கனம் வந்த வழியே நேராகப் போகப் பார்க்கிறது. விளைவு, வண்டி இடது பக்கம் சாய்கிறது. சாய்ந்த உடனே முன்சக்கரம் தானாகவே இடது பக்கம் திரும்பிக்கொள்கிறது. முன் ஃபோர்க் சரிவாகப் பொருத்தப்பட்டிருப்பதில் இருக்கிறது அந்தச் சூட்சுமம். அதற்கப்புறம் வண்டி வட்டத்தில் ஓடுகிறது. கீழே தள்ளப் பார்க்கும் கனமும், வெளியே தள்ளப் பார்க்கும் மையவிலக்கு விசையும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்கின்றன. நீங்கள் விழவில்லை.

நம்பிக்கை இல்லையா? ஆளில்லாத ரோட்டில் தேங்கிய தண்ணீரில் சைக்கிளை விட்டு, ஈர டயரோடு சட்டென்று இடது பக்கம் திருப்பிவிட்டு, இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள். முன்சக்கரத் தடம் முதலில் கொஞ்சம் வலது பக்கம் போய்விட்டுத்தான் இடது பக்கம் வரும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. ராங்கின் என்ற ஸ்காட்லாந்து எஞ்சினீயர் 1869-லேயே இதை எழுதிவிட்டார். அடுத்து இதைத் துருவியவர் யார் தெரியுமா? ஆகாய விமானம் கண்டுபிடித்த சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட். ஒஹையோ மாநிலம் டேட்டனில் அண்ணன் தம்பி சைக்கிள் கடை வைத்திருந்தார்கள் அல்லவா? சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டஜன்கணக்கானவர்களைப் பிடித்து, "இடது பக்கம் எப்படித் திருப்புகிறாய்?" என்று கேட்டாராம். ஒருத்தர்கூட முழுசாகச் சரியாகச் சொல்லவில்லை. வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்ததும் சிலர் மட்டும், 'முதலில் கொஞ்சம் வலது பக்கம் திருப்புகிறேன் போலிருக்கிறது' என்று ஒப்புக்கொண்டார்களாம். சைக்கிள் மாதிரியே விமானமும் சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்று அந்தக் கடைக்காரர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

'அதெல்லாம் இல்லை சார், நான் உடம்பைச் சாய்ப்பேன், வண்டி திரும்பும்' என்கிற கட்சி ஒன்று உண்டு. அவர்களுக்காகவே அமெரிக்காவில் கீத் கோட் என்ற பயிற்சியாளர் ஒரு வண்டி செய்தார். அதில் வழக்கமான ஹேண்டிலோடு, ஃப்ரேமில் அசையாமல் பொருத்திய இன்னொரு ஹேண்டில், அதிலும் ஓர் ஆக்ஸிலரேட்டர். அசையாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் சாய்த்து ஓட்டு பார்க்கலாம் என்றார். வண்டி லேசாக அப்படி இப்படி அலைந்ததே தவிர, ஒரு வளைவை ஒழுங்காக எடுக்க முடியவில்லை. உடம்பைச் சாய்ப்பது உதவி. வேலையைச் செய்வது கை. (அவருடைய பள்ளி நம்ம இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் வந்து வகுப்பு எடுத்திருக்கிறது.)

எவ்வளவு சாய வேண்டும்? இங்கே கொஞ்சம் கணக்கு. 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு மலை வளைவு. 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 20 டிகிரி சாய்வு போதும். 40-ல் போனால் 32 டிகிரி. 50-ல் போனால் 45 டிகிரி! வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சாய்வு இரண்டு மடங்குக்கு மேலே போய்விட்டது. குண்டான ஆளா ஒல்லியான ஆளா, ஒரு மூட்டையா மூன்று மூட்டையா என்பது இந்தக் கணக்கில் வராது. வேகமும் வளைவும்தான் வரும். டி.வி.யில் பந்தயக்காரர்கள் 60 டிகிரிக்கு மேல் படுக்கிறார்களே என்று கேட்கக் கூடாது. அவர்கள் டயர் வேறு, ரோடு வேறு, சம்பளமும் வேறு. நம் வண்டியில் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஃபுட் ரெஸ்ட் தரையில் உரசும். ஈரத்தில், காய்ந்த இலைச் சருகில், சரளைக்கல்லில் பிடிமானம் இன்னும் குறைவு.

இப்போது என் வளைவுக்கு வருவோம். வலது வளைவில் வண்டி வலது பக்கம் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்திருந்தால் ரோட்டோடு போயிருக்கும். அதற்கு வலது கையைத் தள்ளியிருக்க வேண்டும். நானோ இழுத்தேன். இழுத்ததும் வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்த வண்டி நேராகத்தானே போகும்? பள்ளத்துக்குப் பயந்து செய்த காரியமே பள்ளத்தில் தள்ளப் பார்த்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஸ்பாட்டுக்கே போய் ஆராய்ந்து, ஹர்ட் என்பவர் தலைமையில் 1981-ல் ஓர் அறிக்கை வந்தது. அதில் மாட்டிக்கொண்டவர்களிடம் எதிர்ப்பக்கம் தள்ளி விலகுகிற திறமை அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் தெரியாமல் செய்கிற காரியம், அவசரத்தில் மறந்துபோகிறது.

இன்னொரு தப்பும் செய்தேன். பள்ளத்தையே பார்த்தேன். கண் போகிற பக்கம்தான் கை போகிறது. வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்க்க வேண்டுமாம். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். டயருக்கு இருக்கிற பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் வளைவுக்கு மிச்சம் இருக்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்குகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் பிடிக்கும். அதை அணைத்துவிட்டு, ஐம்பது ரூபாய்க்காக பிரேக்கைச் சூடாக்குவது என்ன கணக்கோ!

பின் ஸீட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள். நீங்கள் நிமிர்ந்தால் வண்டி இன்னும் அதிகம் சாய வேண்டியிருக்கும். ஓட்டுகிறவர் தோளுக்கு மேலாக, வளைகிற பக்கம் பார்த்தால் போதும். (அந்தக் காலத்து ஸ்கூட்டரை நாம் சாய்த்தது திருப்புவதற்கு அல்ல, ஸ்டார்ட் பண்ணுவதற்கு. அது வேறு சப்ஜெக்ட்.)

நடக்கிற வேகத்தில் ஊர்கிறபோது இந்தத் தள்ளல் கண்ணுக்கே தெரியாது, ஹேண்டில் போகிற பக்கம் திரும்புவதுதான் தெரியும். ஆட்டோவுக்கு இந்த வித்தை கிடையவே கிடையாது. மூன்று சக்கரம் சாயாது, அதனால் திருப்புகிற பக்கம்தான் போகும். பழகிப் பார்க்க ஆசைப்பட்டால், காலியான நேர் ரோட்டில், ஹெல்மெட்டோடு, 35, 40 வேகத்தில் ஒரு கைப்பிடியை மட்டும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்துகிற பக்கம் வண்டி போகும். முதல் தடவை அடிவயிறு கொஞ்சம் கலங்கும்.

அன்றைக்குக் கூக்கால் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து, வாங்கிப் போன பன்னைத் தின்றோம். நண்பன் அதிகம் பேசவில்லை. திரும்பும்போது அதே வளைவு, இப்போது இடது வளைவு. நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவின் முடிவைப் பார்த்து, இடது கையை லேசாகத் தள்ளினேன். வண்டி ஏதோ தண்டவாளத்தில் போகிற மாதிரி திரும்பியது.

"நிறுத்துடா" என்றான்.

மறுபடி ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். நொண்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போய், அந்த வெள்ளைக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அடுத்த தடவை வரும்போது ஞாபகமா மஞ்சளும் குங்குமமும் வாங்கிட்டு வரணும்டா" என்றான்.