பாறைக்கு யார் பெயின்ட் அடிச்சது?

ஒரே மாடல் கார், அரை டஜன் கலர்! ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படிக்கிறவங்களுக்கு இது தினசரி காட்சி. அடுத்த டூரில் கொடைக்கானல் போறப்போ, அங்கே இருக்கிற பாறைகளையும் கொஞ்சம் பாருங்க பாஸ். சாம்பல், பச்சை, கருப்பு, மஞ்சள்னு திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். அதுதான் லைக்கன்!

பாசினு நினைச்சா பாதிதான் சரி. பூஞ்சையும் பாசியும் நடத்துற கூட்டுக் குடித்தனம் இது. வீடு கட்டுறது பூஞ்சை, வெயிலை வெச்சு சமைக்கிறது பாசி. நம்ம பிரியாணியில் வர்ற கல்பாசியும் லைக்கன்தான். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கருப்பு.

சரி, ஏன் இத்தனை கெட்டப்? சில வகை அப்பளம் மாதிரி பாறையோடு ஒட்டிக்கும். சில வகை இலை மாதிரி விரியும். சில வகை குட்டிப் புதர் மாதிரி நிற்கும். ஒரே லைக்கன்கூட இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் சகஜமா வளர்ற சாந்தோரியா பேரியட்டினா, வெயிலில் ஆரஞ்சு, நிழலில் பச்சை கலந்த சாம்பல். அந்த ஆரஞ்சு நிறமிதான் அதோட சன்ஸ்கிரீன்! சாம்பல் நிற லைக்கன் பலதும் மழையில் நனைஞ்சா பச்சையாகிடும். மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற பாசி தெரியும். இன்னும் கூத்து... சில பூஞ்சைகள் பச்சைப் பாசியோடு சேர்ந்தா இலை வடிவம், நீலப்பச்சை பாக்டீரியாவோடு சேர்ந்தா புதர் வடிவம். ரூம்மேட் மாறினா ஆளே மாறுற கதைதான்!

இதில் நமக்கு என்ன? லைக்கனுக்கு வேர் கிடையாது. காத்தில் வர்றதை அப்படியே உறிஞ்சும், விஷம் உள்பட. கந்தக டை ஆக்ஸைடு அதிகமானா புதர் வகை முதலில் காலி, அப்பள வகைதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பாரிஸ் நகருக்குள் லைக்கன் குறையுறதை வெச்சே, காத்து கெட்டுப்போச்சுனு 1866-லேயே சொன்னார் வில்லியம் நைலாண்டர்.

நீங்களும் டெஸ்ட் பண்ணலாம். ஒரே வகை மரமா ரெண்டு எடுத்துக்கங்க. ஒண்ணு கன்டெய்னர் லாரி ஓடுற ரோட்டோரம், இன்னொண்ணு உள்ளே தள்ளி ஏரிக்கரையில். பட்டையில் எத்தனை வகைத் திட்டு இருக்குனு எண்ணிப் பாருங்க. மீட்டர் வேண்டாம், கண்ணு போதும்.

ஒரே ஒரு ரிக்வெஸ்ட். பாறையில் ஒட்டி வளர்ற பல லைக்கன்கள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. காம்பஸால் ஹார்ட் கீற உங்களுக்கு அஞ்சு நிமிஷம் போதும்... அந்த இடம் பழையபடி மாற, உங்க பேரப்பிள்ளைங்க டூர் வர்ற வரைக்கும் ஆகலாம். லவ்வர் பேரை நோட்டிலேயே எழுதிக்கலாமே பாஸ்!