மூன்றாக வெட்டிய பெஞ்ச்

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில், சி.இ.டி. என்று ஊரே சொல்லும் பொறியியல் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப். 2022 ஜூலையில் அங்கே போன மாணவர்கள் பார்த்தது, நீள பெஞ்ச் மூன்று தனி இருக்கைகளாக வெட்டப்பட்டிருந்ததை. ஒரு துண்டில் ஒருவர்தான் உட்கார முடியும். பையனும் பெண்ணும் ஒட்டி உட்காரக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் பார்த்த வேலை. மாணவர்கள் சளைக்கவில்லை. ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்துப் போட்டார்கள். கேரளம் முழுக்க அதே பேச்சு. மேயர் நேரில் வந்து பார்த்து, முறையற்ற செயல் என்றார். அனுமதியில்லாமல் கட்டிய அந்த நிழற்குடையை எடுத்துவிட்டு ஆண், பெண் பேதமில்லாத புதியதைக் கட்டுவோம் என்றார். செப்டம்பரில் பழையது இடிக்கப்பட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன கேடு? பிறருக்குத் தீங்கு வந்தால் ஒழிய ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று 1859லேயே எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், அரசாங்கத்துக்கு மட்டும் அஞ்சவில்லை. ஊராரின் கெடுபிடி சட்டத்தைவிட ஆழமாக வாழ்க்கைக்குள் நுழையும் என்றும் எச்சரித்தார். ஸ்ரீகாரியத்தில் நடந்தது அதுதான்.

மோசமான சட்டத்தோடு மல்லுக்கட்ட வழி இருக்கிறது. கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வோடு சேர்த்து. 2020 நவம்பரில் அவதூறுப் பதிவுகளுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 118ஏ அவசரச் சட்டமாக வந்தபோது, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே வாபஸ் ஆனது. அக்கம்பக்கத்தார் எடுக்கும் ரம்பத்துக்கு எந்தக் கோர்ட்டில் ரிட் போடுவது? தெருவில் வயசுப் பிள்ளைகள் நடமாடும்போது பெரியவர்களுக்குக் கவலை வருவது இயல்பு என்பார்கள். வரட்டும். கவலைப்படுவது வேறு, பெஞ்சை அறுப்பது வேறு.

என் மனதை அரிப்பது இன்னொன்று. 'சதாசார போலீஸ்' என்று மலையாளிகள் சொல்லும் இந்தக் கூட்டம் யாரைப் பிடித்தாலும், கடைசியில் தண்டனை பெண்ணுக்குத்தான். பையனுக்கு ஓர் அதட்டல், அதோடு சரி. பெண்ணின் படம் போனில் ஏறி, நாகர்கோவிலிலோ கொல்லத்திலோ இருக்கும் அப்பா வரைக்கும் போய்விடும். அடுத்த வாரம் படிப்பே நின்றாலும் நிற்கும். விடுதிகளில் அக்கறை என்ற பெயரில் நடப்பதும் இதுவே. இதே சி.இ.டி. மாணவிகள் 2015இல் 'பிரேக் தி கர்ஃப்யூ' என்று போராடியது எதற்காக? மாலை ஆறரைக்கே விடுதிக்குள் அடைபட வேண்டும் என்ற விதிக்கு எதிராகத்தான். பையன்களுக்கு அந்தக் கெடு இருக்கவில்லை. வெளியே ஆபத்து என்றால் ஆபத்தானவனை அல்லவா அடைக்க வேண்டும்?

சதாசார போலீஸை அடக்கப் புதுச் சட்டம் வேண்டாம். வழிமறிப்பதும் மிரட்டுவதும் ஏற்கெனவே குற்றங்கள்தான். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம், "அந்த நேரத்துல உனக்கு அங்க என்னம்மா வேலை?" என்று கேட்காமல் வழக்குப் பதிகிற ஸ்டேஷன் வேண்டும். மிரட்டியவனைக் கூப்பிட்டு, அவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிற ஸ்டேஷன்.