இதயத்தசை நோயில் கழுத்துச் சிரைக் குறிகள்

கழுத்துச் சிரைக் குறிகள் என்பவை உட்கழுத்துச் சிரையின் துடிப்பைக் கண்ணால் பார்த்து இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தை அறிய உதவும் மருத்துவ அடையாளங்கள் ஆகும். இதயத்தசை நோய்களில் இவை நோயின் வகையையும் கடுமையையும் உணர்த்துகின்றன. இச்சிரையின் அலைகளைக் கருவியால் பதிந்து ஆராய்ந்தவர்களுள் முன்னோடி ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்சி (1853–1925) ஆவார்.

அடிப்படை

வலது உட்கழுத்துச் சிரை வலது மேலறையுடன் ஏறக்குறைய நேர்கோட்டில் இணைகிறது. எனவே அது இயற்கையான அழுத்தமானி போலச் செயல்படுகிறது. தமனித் துடிப்பை விரலால் உணரலாம். சிரைத் துடிப்பு பொதுவாகக் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். கழுத்தின் அடியில் மெல்ல அழுத்தினால் சிரைத் துடிப்பு மறையும்.

அளவிடும் முறை

நோயாளியை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் படுக்க வைத்து, மார்பெலும்புக் கோணத்திலிருந்து துடிப்பின் உச்சி வரையுள்ள செங்குத்து உயரம் அளக்கப்படுகிறது. அதனுடன் 5 செ.மீ. கூட்டினால் மேலறை அழுத்தம் நீர்மட்ட அளவில் தோராயமாகக் கிடைக்கும். கோணத்துக்கு மேல் 3 முதல் 4 செ.மீ.க்கு மிகுந்தால் அழுத்தம் உயர்ந்துள்ளதாகக் கொள்வர்.

அலைகள்

'ஏ' அலை மேலறை சுருங்குவதாலும், 'வி' அலை மூவிதழ் வால்வு மூடியிருக்கையில் மேலறை நிரம்புவதாலும் தோன்றுகின்றன. இவற்றை அடுத்து முறையே 'எக்ஸ்', 'ஒய்' இறக்கங்கள் வருகின்றன.

நோய் வகைகளில் காணப்படுபவை

* விரிவடைந்த வகை: வலது கீழறை தளரும்போது அழுத்தம் உயரும். மூவிதழ் வால்வில் கசிவு ஏற்பட்டால் 'வி' அலை பெரிதாகும். வயிற்றை அழுத்தும்போது சிரைமட்டம் உயர்ந்து அப்படியே நிற்கலாம்.
* தடித்த வகை: கீழறை விறைத்திருப்பதால் 'ஏ' அலை மேலோங்கலாம். மேலறை நடுக்கம் தொடங்கினால் அவ்வலை மறையும்.
* இறுகிய வகை: அழுத்தம் மிக உயரும், 'ஒய்' இறக்கம் செங்குத்தாக இருக்கும். மூச்சை உள்ளிழுக்கும்போது குறைய வேண்டிய சிரைமட்டம் குறையாமலோ உயர்ந்தோ இருப்பது குஸ்மால் குறி எனப்படும்.

குஸ்மால் குறி இதய உறை இறுக்க நோயிலும் காணப்படும். இந்தியாவில் அந்நோய்க்குக் காசநோய் ஒரு முக்கிய காரணம். உறை இறுக்கத்தை அறுவையால் நீக்க இயலும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. கழுத்தைப் பார்த்து மட்டும் இதனை முடிவு செய்ய இயலாது. எக்கோ முதலிய சோதனைகள் தேவை.

கேரளத்தில்

1948 இல் உகாண்டாவில் விவரிக்கப்பட்ட இதய உட்சுவர் நார்த்திசு நோய் கேரளத்திலும் பரவலாகக் காணப்பட்டது. இது இறுகிய வகையைச் சார்ந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் இதனை ஆராய்ந்து, மோனசைட் மணலிலுள்ள சீரியம் ஒரு காரணமாகலாம் என்ற கருதுகோளை முன்வைத்தனர். அது உறுதிப்படவில்லை. பின்னர் இந்நோய் வெகுவாகக் குறைந்தது.

வலது கீழறை பாதிக்கப்பட்டோருக்குக் கால் வீக்கம் குறைவாக இருக்க, வயிற்றில் நீர் மிகுதியாகக் கோக்கலாம். இதனைக் கல்லீரல் நோய் எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு. உயர்ந்த கழுத்துச் சிரை, பழுது இதயத்தில் இருக்கக்கூடும் என்று காட்டிக் கொடுக்கிறது.

முக்கியத்துவமும் வரம்புகளும்

2001 இல் வெளியான ஓர் ஆய்வு, இதயச் செயலிழப்பு உடையோருள் கழுத்துச் சிரை அழுத்தம் உயர்ந்தவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் மிகுதி எனக் காட்டியது. எனினும் பருத்த கழுத்தில் துடிப்பு தெரிவது கடினம். மிக உயர்ந்த அழுத்தத்தில் துடிப்பின் உச்சி தாடைக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்போது நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.