வயல் மூழ்கியது, காப்பீடு ஏன் வரவில்லை?



மழைக்காலம் முடிந்து நடக்கும் குழுக் கூட்டங்களில் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பேச்சு வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கமெல்லாம் சிப்காட் வந்த பிறகு நெல்லே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கம்பெனி காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே இன்னமும் சம்பா நடுகிறவர்கள் நம் உறுப்பினர்கள்தான். ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இப்படிச் சொன்னார்: "ஏக்கருக்கு ஐநூத்திச் சொச்சம் கட்டினேன்க்கா. கதிர் வர்ற நேரத்துல ஏரித் தண்ணி புகுந்து ஒரு வாரம் நின்னுச்சு. பத்து பைசா வரல. பக்கத்து ஊர்ல வாங்கிட்டாங்க. இனிமே இன்சூரன்ஸ் பேச்சே வேணாம்."

அவர் கோபம் நியாயம்தான். ஆனால் எங்கே தப்பு நடந்தது, யாரிடம் கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதை இந்த இதழில் விளக்குகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ரேஷன் கடையில் ரூ.6,000 கொடுத்தார்கள். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 என்று அறிவித்தார்கள். அது அரசு கொடுக்கும் உதவி. நாம் எந்தப் பணமும் கட்டாமல் வருவது. எந்த வட்டத்துக்கு, எவ்வளவு என்பதை அரசு முடிவு செய்யும். பயிர்க் காப்பீடு அப்படி அல்ல. 2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நாம் பிரீமியம் கட்டுகிறோம், அதனால் அது நம் உரிமை. "நிவாரணம் வாங்கிட்டா காப்பீடு கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊர்க் கணக்கு

இந்தத் திட்டத்தில் நம் வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. வருவாய் கிராமம் முழுவதையும் ஒரே வயலாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

கடந்த 7 வருஷத்தில் நல்ல 5 வருஷச் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை "உத்தரவாத மகசூல்" என்று வைக்கிறார்கள். அறுவடை சமயத்தில் ஊரில் குறைந்தது நான்கு வயல்களில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து எடை போடுகிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அந்தச் சராசரி உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் வரும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பாவுக்கு நம் பங்கு 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. ஊர்ச் சராசரி 1,500 கிலோ வந்தால் குறைவு கால் பங்கு, கிடைப்பது 9,000 ரூபாய். ஊர்ச் சராசரி 2,050 வந்துவிட்டால்? உங்கள் வயலில் ஒரு படி நெல் தேறாவிட்டாலும் ஒன்றும் வராது. அந்த உறுப்பினருக்கு நடந்தது இதுதான். ஏரிக்கரைப் பக்கம் பத்துப் பேர் வயல் போனது, மேட்டு வயல் எல்லாம் நன்றாக விளைந்தது.

ஆரம்பத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. தன் வயல் மட்டும் மூழ்கினால் தனியாகக் கேட்கலாம். 2018-ல் விதிகளைத் திருத்தியபோது நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்பது காரணம். தண்ணீரில் நிற்பதும் தண்ணீருக்குள் அழுகுவதும் ஒன்றா என்று நாற்று நட்ட எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இப்போது அது திரும்பி வருகிறது. 2026 காரீஃப் பருவம் முதல் நெல் வயல் மூழ்குவதும் தனி வயல் இழப்பாக ஏற்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. எந்தப் பருவம், எந்த ஊர் என்பது மாநில அரசின் அறிவிக்கையில் இருக்கும். எனவே பிரீமியம் கட்டும்போதே, "எங்க ஊருக்கு நெல் மூழ்கினா தனி வயல் இழப்பு உண்டா?" என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.

72 மணி நேரம்

தனி வயல் இழப்புக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மூன்று வேலை நாள் அல்ல, மூன்று நாள். ஞாயிறும் தீபாவளியும் கணக்கில் சேரும். 14447 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம், பயிர்க் காப்பீடு செயலியில் போட்டோவுடன் பதியலாம், வேளாண்மை அலுவலகத்திலோ வங்கியிலோ எழுதிக் கொடுக்கலாம். எப்படிச் சொன்னாலும் புகார் எண்ணை வாங்கிக் குழுவின் தீர்மானப் புத்தகத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள். "போன்ல சொன்னேன்" என்பது பின்னால் நிற்காது, எண் நிற்கும்.

தகவல் சொன்ன 48 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமித்து, அடுத்த 10 நாளில் வயலைப் பார்த்து, அதற்கடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. வயலைப் பார்க்க வரும்போது நீங்கள் அங்கே இருங்கள். சேத சதவீதம் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் எழுதிக்கிறோம்மா" என்றால், "இப்பவே எழுதுங்க சார், நாங்க இருக்கோம்" என்று சொல்லுங்கள். போட்டவுடன் அந்தத் தாளை செல்போனில் படம் எடுங்கள்.

பதிவிலேயே வரும் தப்பு

மறுக்கப்படும் கோரிக்கைகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது பதிவுத் தப்புதான். பொது சேவை மையத்தில் கூட்டம் அதிகமாக இருந்த ஒரு நாளில் ஒருவருக்குப் பக்கத்து ஊர் பெயரைப் பதிந்துவிட்டார்கள். இன்னொருவருக்கு சர்வே எண்ணில் உட்பிரிவு விட்டுப்போனது. ரசீதை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டோம், யாரும் படித்துப் பார்க்கவில்லை. இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ செய்த தப்பால் விவசாயிக்குப் பணம் கிடைக்காமல் போனால், தப்பு செய்த அந்த நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. மனுவில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பணம் வரவில்லை என்று மனு எழுதும் முன் வீட்டில் உள்ள எல்லாப் பாஸ் புத்தகத்திலும் வரவு போட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கிலும் பாருங்கள்.

குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்களுக்குச் சிக்கல் பெரிது. நம் பக்கத்தில் நிலத்தை வாங்கிப் போட்டவர் சென்னையில் இருக்கிறார், விலை ஏறும்வரை நம்மைப் பயிர் வைக்கச் சொல்கிறார், எல்லாம் வாய்ப் பேச்சு. திட்டத்தில் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு, ஆனால் சான்று கேட்பார்கள். நில உரிமையாளர் கையெழுத்துப் போட பயப்படுவார். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் பயிர் செய்பவர் பெயர் வரும்படி விதைத்தவுடனே கேளுங்கள். உரிமையாளர் பெயரிலேயே பதிந்துவிட்டால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும். கணவர், மாமனார் பெயரில் பட்டா உள்ள வீடுகளிலும் இதே கதைதான்.

மேல்முறையீடு

முதல் மனு காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்தது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்க்கும் குழு. மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால் சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்துச் சகோதரிகள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் போக வேண்டும், காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டாம். அங்கும் தீராவிட்டால் மாநிலக் குழு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு 2 வருஷம் வரை நேரம் உண்டு. நிறுவனம் தாமதம் செய்தால் 12 சதவீத வட்டி கேட்கலாம்.

ரசீது, அடங்கல், புகார் எண், போட்டோ எல்லாம் நகல் மட்டும் கொடுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள்.

ஊர்ச் சராசரி தப்பு என்று நினைத்தால் தனி ஆளாகப் போவதில் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, எந்தெந்த சர்வே எண்ணில், எந்தத் தேதியில் பரிசோதனை நடந்தது, எடை எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நான்கு வயலும் மேட்டுப் பக்கம் என்று தெரிந்தால், காப்பீடு செய்த எல்லோரும் கையெழுத்திட்டு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் போகலாம். அதைவிட நல்லது, அறுத்து எடை போடும் நாளிலேயே நம்மில் இரண்டு பேர் வயலில் நிற்பது. தேதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டுக் காப்பீட்டில் காது வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை. வில்லை விழுந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். மாடு வெள்ளத்தில் இறந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கும்வரை புதைக்க வேண்டாம். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில்தான் கடைசி நாள் வைக்கிறார்கள். அப்போது மழை, கரண்ட் இல்லை, சர்வர் இல்லை. நட்டவுடனே பதிந்துவிடுங்கள். பதிந்த ரசீது, அடங்கல், பாஸ் புத்தகம் மூன்றையும் அடுத்த குழுக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஊர் பெயர், சர்வே எண், கணக்கு எண் மூன்றையும் உட்கார்ந்து ஒன்றாகப் படித்துப் பார்ப்போம்.